திருப்பிச் சொல்ல வைத்த தலைமைச் செவிலியர் அவர்களுக்கு

இரண்டாம் தளத்து ரத்தச் சுத்திகரிப்பு அறையில் இன்று கூடியிருப்போர்: சிறுநீரக மருத்துவர், இயந்திரங்களைக் கவனிக்கும் டெக்னீஷியன்கள் இருவர், தரை துடைக்கும் அம்மாள், முதல் நாற்காலியில் பேருந்து ஓட்டுநர், இரண்டாம் நாற்காலியில் தையற்காரர், மூன்றாம் நாற்காலியில் நீதிமன்றத் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். நாற்காலிக்காரர்கள் மூவரும் கையில் குழாய்களோடு இருப்பதால் எழுந்து நிற்க இயலாததற்கு வருந்துகிறார்கள். இவர்கள் அனைவரின் சார்பிலும், பொறுமையும் பொறுப்பும் பொருந்திய பெருந்தகையே, கனிவும் கண்டிப்பும் கலந்த கடமை வீராங்கனையே, முப்பத்தோராண்டு முகம் சுளிக்காத தலைமைச் செவிலியரே, தங்களுக்கு வணக்கம்.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மடல் எழுதும் பொறுப்பைப் பெரியவரிடம் ஒப்படைத்தார்கள். சபையில் 'நான்' என்று தம்மைப் பற்றிப் பேசுவது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. எனவே அவரும் இதில் மூன்றாம் மனிதராகவே வருவார்.

தாங்கள் ஊசி குத்தினால் வலிக்காது என்கிறார் ஓட்டுநர். வலிக்கும், ஆனால் திட்டத் தோன்றாது என்கிறார் தையற்காரர். மருத்துவர் சொல்வது வேறு. தொலைபேசியில் அவர் சொல்லும் மருந்தளவைத் தாங்கள் எழுதிக்கொண்டு, அதை அவருக்கே திருப்பிச் சொல்லி, அவர் வாயால் 'சரி' என்று கேட்ட பிறகே மருந்தை எடுப்பீர்கள். அவசரத்தில் அவர் போனை வைத்துவிட்டாலும் விடாமல் மறுபடி அழைப்பீர்கள். தங்கள் காலத்தில் இந்த அறையில் ஒரு மருந்தும் மாறியதில்லை.

பெரியவருக்கோ வந்த முதல் நாளே அதிர்ச்சி. தையற்காரர் வேறு மதத்தவர் என்று தெரிந்ததும் தங்களைக் கூப்பிட்டார்.

"எனக்கு வேற இடம் குடுங்கம்மா. எங்க குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"மெஷினுக்கும் இருக்கு சார். நீங்க கேக்கிற இடத்துக்கு அது வராது. உட்காருங்க."

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஒரே தங்கை, தையற்காரரின் மதத்தைச் சேர்ந்த ஒருவரை மணந்து, அந்த மதத்திலேயே சேர்ந்துவிட்டார். உறவினர் அத்தனை பேர் முன்னிலையில், "பெத்தவ பேரைக்கூட மறந்துடுற கூட்டத்துக்குப் போற. இனி இந்த வாசல்ல கால் வைக்காதே" என்று சொல்லி அனுப்பியவர் பெரியவர். குடும்ப மானத்தைக் காத்ததாகவே நம்பினார். தங்கையும் அதன்பின் வரவில்லை.

மூன்றாம் வாரம் அதையே தையற்காரரிடமும் சொன்னார். "உங்க ஆளுங்க, செத்தவங்களை அன்னைக்கே மறந்துடுவாங்க."

"யாருய்யா சொன்னது உமக்கு?" என்று தையற்காரர் குழாயோடு எழப் பார்த்தார். அவருடைய ரத்த அழுத்தம் ஏறி, இயந்திரம் அலறியது. இளைய டெக்னீஷியன் ஓடிப்போய் வெள்ளைப் பலகையில் 'இங்கு மதம் பேசக் கூடாது' என்று எழுதினார். தாங்கள் அலறலை நிறுத்தினீர்கள். பிறகு பலகையைத் துடைத்தீர்கள். அறையே திகைத்துப் போயிற்று.

"பேசட்டும்ப்பா. நாலு மணி நேரம் வேற என்னதான் பண்ணுவாங்க? ஆனா ஒண்ணு. அடுத்தவர் சொன்னதை முதல்ல திருப்பிச் சொல்லணும். அவர் 'சரி'ன்னு சொன்னதுக்கப்புறம்தான் உங்க பதில்."

"நாங்க என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா?" என்றார் பெரியவர்.

"டாக்டர்கிட்டயே அப்படித்தான் சார் செய்யறேன்."

தையற்காரர் தம் வழக்கத்தைச் சொன்னார். பெரியவர் திருப்பிச் சொன்னார்.

"செத்தவங்களை நீங்க கும்பிடுறீங்க."

"கும்பிடல."

"வருஷத்துக்கு ஒருநாள் நினைச்சுக்கிறீங்க."

"தினமும்னு சொன்னேன். காதுல விழலையா, விழவேணாம்னு இருக்கீங்களா?"

"தினமும் காலையில அம்மா பேர், அப்பா பேர், தவறிப்போன மூத்த பொண்ணு பேர் சொல்லி, அவங்களுக்காக வேண்டிக்கறீங்க. அதைச் செய்யாம தையல் ஊசியைத் தொடமாட்டீங்க."

"சரி."

பெரியவரின் நம்பிக்கையைத் திருப்பிச் சொல்லத் தையற்காரருக்கு ஐந்து முறை ஆயிற்று என்பதையும் இங்கே பதிவு செய்வது நியாயம்.

அதன்பின் பெரியவர் கேட்ட கேள்வியை அறையில் யாரும் எதிர்பார்க்கவில்லை. "கல்யாணம் பண்ணி உங்க மதத்துக்கு வந்தவங்களும் சொல்லுவாங்களா? அவங்க அம்மா வேற மதமா இருந்தாலும்?"

"என் மருமக அப்படி வந்தவதான். அவ அம்மா பேரைத்தான் முதல்ல சொல்லுவா. அம்மான்னா அம்மாதானேய்யா."

இம்முறை அலறியது பெரியவரின் இயந்திரம். அழுத்தம் சரிந்து கண் இருண்டது. தாங்கள் நாற்காலியைச் சாய்த்து, கால்களை உயர்த்தி, உப்புநீரை ஏற்றினீர்கள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கண் விழித்தவருக்குக் கூரை தெரிந்தது. பத்தொன்பது ஆண்டுகளாகத் தம் தாயின் பெயரை ஒருத்தி எங்கோ நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும் என்பதும், அவளைத்தான் மறந்தவள் என்று தாம் ஊர் முன்னே ஏசினார் என்பதும் தெரிந்தன. அந்த அதிர்ச்சி இன்றளவும் அவருக்கு அடங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, எடை பார்க்கும்போது, இதைத் தங்களிடம் மட்டும் சொன்னார். ஆறுதலை எதிர்பார்த்தார்.

"அவங்ககிட்டக் கேட்டீங்களா சார்?"

"எதை?"

"அம்மா பேரைச் சொல்றாங்களான்னு."

"கேக்கல."

"அப்ப இது இன்னமும் தையற்காரர் சொன்னதுதானே. உங்க தங்கச்சி சொன்னது இல்லையே. அறுபத்திரண்டு கிலோ. தண்ணி நிறையக் குடிச்சிருக்கீங்க."

தையற்காரருக்கும் பெரியவருக்கும் இன்றும் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. இருவரும் தத்தம் மதத்தில் முன்னைவிட உறுதியாகவே இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் வராத நாளில் மற்றவருக்கு அந்த நான்கு மணி நேரமும் நகர்வதில்லை. அம்மையீர், தாங்கள் ஓய்வுபெறுகிறீர்கள் என்ற செய்தி வந்த அன்று மூன்று இயந்திரங்களும் ஒருசேர அலறின என்று தரை துடைக்கும் அம்மாள் சொல்வது சற்று மிகை. இரண்டுதான் அலறின.

தங்கள் கால்கள் இனியாவது ஓய்வறிக. தங்கள் உறக்கத்தை எந்த அலறலும் கலைக்காதிருக்க. இந்த அறையில் இருப்போர் அவரவர் முறைப்படி, அவரவர் மொழியில், தங்களுக்கு நெடிய நல்வாழ்வு வேண்டிக்கொள்கிறார்கள்.

இங்ஙனம்,
இரண்டாம் தளத்துப் பணியாளர்களும் நாற்காலிக்காரர்களும்.

இது சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படப் போகும் மடல் என்பதால் ஒரு திருத்தம். சென்ற மாதம் பெரியவரின் தங்கை அவர் வீட்டு வாசலுக்கு வந்து அழுது மன்னிப்புக் கேட்டதாகவும், அவர் பெருந்தன்மையோடு மன்னித்ததாகவும் உறவினரிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையன்று. தங்கை வரவில்லை. போனவர் அண்ணன். மன்னிப்புக் கேட்டவரும் அவரே.