மைக்கை நீட்டுற இடம்

பாட்டைப் போட வேணாம்னு நான் சொல்லவே இல்ல தம்பி. நாளைக்கு என் தங்கச்சி அஞ்சலிக் கூட்டத்துல தாராளமா போடுங்க. உச்சத்துக்குப் போற அந்த ஒரு வரி வரும்போது மட்டும் நிறுத்திட்டு, மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிடுங்க. ஆமா, மேடையில அவ நீட்டுவாளே, அதே மாதிரி.

ஸ்டைலா? ஊரே அப்படித்தான் நெனச்சுது. ரசிகருங்க மேல அவ்வளவு உசுருன்னு பத்திரிகைக்காரங்க எழுதித் தள்ளினாங்க. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, அவளுக்கு அந்த வரி எட்டல. சோப்பு விளம்பரத்துக்குப் பாட ஆரம்பிச்ச பொண்ணு, அப்புறம் வருஷம் முழுக்க மேடை. தொண்டை என்ன இரும்பா? அந்த எடத்துல மட்டும் குரல் உடையும். அவ கச்சேரிக்கெல்லாம் சவுண்ட் போர்டுல உக்காந்து சத்தத்தைக் கூட்டிக் கொறச்ச எனக்குத் தெரியாதா? அண்ணே, கூட்டத்துப் பக்கத்து மைக்கைக் கொஞ்சம் ஏத்தி வையின்னுவா. ஏத்துவேன். அரங்கமே பாடும். அவ கண்ணை மூடிக்கிட்டுச் சிரிப்பா.

நானா? நான் எங்க பாடுறது! நாலு பேரு பாத்தாலே நாக்கு ஒட்டிக்கும். அதனாலதானே போர்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். கழுதைக்குக்கூடக் குரல் இருக்கு, எங்கண்ணனுக்கு இல்லன்னு மேடையிலயே மானத்தை வாங்குவா.

கடைசிக் கச்சேரியிலயும் நீட்டினா. ஒருத்தரும் பாடல. அவ மேல கோவமெல்லாம் இல்ல தம்பி, எல்லாரும் போனைத் தூக்கிப் படம் புடிச்சிட்டிருந்தாங்க. வாயைத் தெறந்தா தன் குரல்தானே பதிவாகும்? ஏத்தி வச்ச மைக்குல யாரோ இருமினது மட்டும் பெருசா கேட்டுச்சு. நீட்டின கையோட நின்னா பாருங்க... அதுக்கப்புறம் மேடையே ஏறல.

இல்ல, அழலீங்க. ஏ.சி. காத்து கண்ணுல படுது.

ஆஸ்பத்திரியில ஒரு சாயங்காலம், மூக்குக் குழாயெல்லாம் எடுத்த பொறவு, லேசா முணுமுணுத்தா. அதே பாட்டுதான். அந்த எடம் வந்ததும் நிறுத்திட்டு, வெறுங்கையை மடக்கி என் பக்கம் நீட்டினா. ரூம்ல நாங்க ரெண்டு பேருதான். அப்பக்கூட எனக்கு வாய் வரல தம்பி. பாத்துக்கிட்டே இருந்தா. கை மெல்லக் கீழ எறங்கிடுச்சு.

சரி, நேரமாச்சு உங்களுக்கு. நாளைக்குப் போர்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க. நான் முன் வரிசையில, ஓரமா உக்காந்துக்குறேன். யாரும் பாடலன்னா, என் பக்கம் நீட்டுங்க.