விளக்கு ஏன் மலையைப் பார்க்கிறது

— இதை நல்லா மனசுல வாங்கிக்கக்கா. பொய் கலக்காத இடம்னு உலகத்துல இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அது நான் தலைமை தாங்குற விக்கி.

— சரிங்க தலைவரே. காலைத் தூக்கு, பெருக்கணும்.

— நான் சீரியஸா பேசுறேன்.

— நானும் சீரியஸாத்தான் பெருக்குறேன். உன் பொய் கலக்காத இடத்துக்குக் கீழ ஒரே பிஸ்கட் தூளா கிடக்கு.

— வீடியோ கேமுக்கு விக்கின்னா உனக்கு இளக்காரம். சாம்பல் துறைமுகம் கேம் ஆடுறவங்க வழி தெரியாம முழிச்சா எங்கக்கா வருவாங்க? எங்ககிட்டதான். எந்த மீன் எந்த அலையில கடிக்கும், எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, அத்தனையும் ரசிகருங்க நாங்களே உட்கார்ந்து எழுதினது. ஒரு கட்டுரையில ஒண்ணு, இன்னொரு கட்டுரையில வேறன்னு இருக்கவே இருக்காது. தச்சன் வீட்டு வாசல்ல நிக்கிறது கழுதையா, கோவேறு கழுதையான்னு ஒரு மழைக்காலம் முழுக்க அடிச்சுக்கிட்டோம்.

— கடைசியில என்னவாம்?

— கோவேறு கழுதை. காதை அளந்து பார்த்துட்டோம்.

— பாவம், அதுக்கும் உங்களை விட்டா நாதி ஏது.

— சிரிச்சுக்க. எங்க விதி ரொம்பச் சுலபம். ஆதாரமா படம் இல்லேன்னா வரி இல்ல. ‘என் கண்ணால பார்த்தேன், சத்தியமா பார்த்தேன்’னு ஒவ்வொருத்தனா வருவான். அவனுங்களைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்புதான். கண்ணு என்ன பத்திரம் பதியிற ஆபீஸா? போய் மூஞ்சியக் கழுவிட்டு வான்னு சொல்லி வரியை அழிச்சிடுவேன்.

— நல்லா அழி. எனக்கு ஃப்ரிட்ஜ் புகார் கேக்குற ஷிப்ட் ஆரம்பிக்கப் போகுது, ஹெட்செட் எங்க வச்சேன்? இதையெல்லாம் எதுக்கு இப்போ என்கிட்ட சொல்லிட்டு இருக்க?

— ஏன்னா இந்த வீட்டுக்குள்ள ஒரு துரோகி இருக்கான்.

— அப்பா மறுபடியும் உன் சார்ஜரை எடுத்துட்டாரா?

— விளையாடாத. ஒரு மாசமா ஒருத்தன் கணக்கே தொடங்காம விக்கிக்குள்ள வந்து எழுதிட்டுப் போறான். நான் அழிக்கிறேன். மறுபடி எழுதுறான். பேர் போடாம எழுதினா அவனோட இன்டர்நெட் முகவரி மட்டும்தான் தெரியும். நேத்து எனக்குப் பொறுமை போயிடுச்சு. அந்த முகவரியையே மொத்தமா அடைச்சிட்டேன்.

— அடைச்சதும் தொல்லை விட்டுச்சா?

— அடுத்த நொடி என்னால உள்ள போக முடியல.

— புரியலையே.

— அது நம்ம வீட்டு முகவரிக்கா. திருடன் உள்ள வந்துடக்கூடாதுன்னு நானே வாசல்ல நின்னு பூட்டிட்டு, சாவியை உள்ள போட்டுட்டேன்.

— இரு, சிரிச்சுக்கிறேன்.

— ஆந்தைகிட்ட கெஞ்சித்தான் திறக்க வச்சேன்.

— ஆந்தை யாரு?

— விக்கியில எனக்கு அடுத்த இடத்துல இருக்கிறவன். நிஜப் பேரு யாருக்கும் தெரியாது. திறந்து விட்ட கையோட கேக்குறான், ‘தலைவரே, அந்த ஆள் எழுதுறதும் அழிக்கிறதும் ஒரே வீட்டுல இருந்து நடக்குதே, அது எப்படி’ன்னு. நானே பேரில்லாம பொய்யை எழுதி, நானே அதைப் பிடிச்சு, காவல்காரன் வேஷம் கட்டுறேனாம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆளைக் காட்டணும். காட்டலேன்னா தலைமைச் சாவியை, அதான் அழிக்கிற, அடைக்கிற உரிமையை, பிடுங்கிடுவாங்க. எத்தனை வருஷ உழைப்புக்கா.

— ஆந்தை சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு.

— அக்கா.

— சரி சரி. யாரு மேல சந்தேகம்?

— முதல்ல அத்தான் மேல.

— உங்க அத்தானா? டீவியை ஆஃப் பண்றதுக்கே என்னைக் கூப்பிடுற மனுஷன்.

— அப்படி நடிக்கலாம் இல்ல?

— கல்யாணம் ஆன நாள்ல இருந்து நடிக்கிறாருன்னா அவருக்கு விருது கொடுக்கணும். அடுத்து?

— மாடி வீட்டுப் பல் டாக்டர். நம்ம வைஃபை பாஸ்வேர்டு அவர்கிட்ட இருக்கு. போன வாரம் படியில என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சாரு.

— அவர் யாரைப் பார்த்தாலும் பல்லைத்தான்டா பார்ப்பாரு. அப்படி என்னதான் எழுதுறான் உன் துரோகி? கோவேறு கழுதையை மறுபடி கழுதையாக்கிட்டானா?

— அதை விட மோசம். கேமுல துறைமுகத்துக்கு ஒரு கலங்கரை விளக்கம் இருக்கு. அதைக் காக்குறவர் விளக்குக் கிழவர். வாயே திறக்க மாட்டார். எங்க எல்லாக் கட்டுரையிலயும் அப்படித்தான் இருக்கு. இவன் வந்து ஒரு கட்டுரையில மட்டும் மாத்துறான். கேளு: ‘விளக்குக் கிழவர் பேசுவார். அவசரக்காரர்களிடம் பேச மாட்டார்.’

— அழகா எழுதியிருக்காங்களே.

— அழகு எதுக்கு? ஒரு கட்டுரை பேசுவார்ங்குது, மத்ததெல்லாம் பேச மாட்டார்ங்குது. படிக்கிறவன் எதை நம்புவான்? அதோட விட்டானா? அந்த விளக்கு கடலைப் பார்க்காம மலையைப் பார்த்து எரியும். ஏன்னு ஊரே மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தப்ப, அது கேமை வடிவமைச்சவங்க பண்ணின பிழைன்னு ஆராய்ஞ்சு எழுதினது யாரு?

— யாரு?

— நான்தான். எங்க விக்கியிலேயே அதிகம் பேர் படிச்ச கட்டுரை அது. அதுக்கு அடியில இவன், ‘பிழை இல்லை, கிழவரைக் கேளுங்கள்’னு எழுதி வச்சிட்டுப் போறான். ஊமையை எப்படிக்கா கேக்குறது?

— படியில பக்கத்துல வந்து உட்கார்ற மனுஷனைப் போய் வாய் கூசாம ஊமைங்கிறியே.

— அக்கா, இரு.

— என்னடா அப்படிப் பார்க்குற?

— அவர் படியில உட்காருவார்னு உனக்கு யார் சொன்னா?

— நீதானே இப்போ படிச்ச.

— நான் படிக்கல. அவர் உட்கார்ந்து நாங்க யாருமே பார்த்ததில்ல. சன்னல்கிட்ட நமக்கு முதுகைக் காட்டி நிப்பார், அவ்வளவுதான்.

— வணக்கம் சார், சொல்லுங்க சார். ஃப்ரிட்ஜ்ல தண்ணி ஒழுகுதா?

— அக்கா, ஹெட்செட் இன்னும் உன் கழுத்துலதான் தொங்குது.

— ஓ.

— நீயா?

— லைன்ல இருங்க, உங்க புகாரைப் பதிவு பண்றேன்.

— அக்கா, நீயா?

— ஆமாண்டா, நான்தான். இப்போ என்ன, கட்டி வச்சு அடிக்கப் போறியா?

— அத்தானைச் சந்தேகப்பட்டேன். பல் டாக்டரைச் சந்தேகப்பட்டேன். போன வாரம் அப்பாவோட போனை எடுத்துத் துழாவினேன். உனக்கு கன்ட்ரோலரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னாவது தெரியுமா?

— நீ காலேஜ் போனதும் இந்த ஹால்ல நானும் அந்த டீவியும்தானே. நாள் முழுக்க ஊர் ஃப்ரிட்ஜ் கதையெல்லாம் கேட்டுட்டு, நடுவுல கொஞ்சம் மீன் பிடிப்பேன். போன் வந்தா கேமுல இருக்கிற என் ஆளைக் கொண்டு போய் அந்த விளக்குப் படியில நிறுத்திடுவேன். அங்கதான் எதுவும் வந்து கடிக்காது. ஒரு நாள் ஒரு அம்மா புகார் சொல்ல வந்து, மருமகள் கதையில ஆரம்பிச்சு நிறுத்தவே இல்ல. நானும் ம்ம் கொட்டிட்டே இருந்தேன். எதேச்சையா டீவி பக்கம் திரும்புறேன், கிழவர் இறங்கி வந்து என் பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டு இருக்காரு.

— சும்மா சொல்லாத.

— சும்மா சொல்லி எனக்கு என்ன ஆகணும்? தலைவர் பதவியா தரப் போற?

— அப்படி ஒண்ணு இருந்தா நாங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டோமா? உலகம் முழுக்க எத்தனை பேர் ராப்பகலா ஆடுறோம்.

— ஆடுறீங்க. நிக்கிறீங்களா? நீ சும்மா நின்னு நான் பார்த்ததே இல்ல. சாப்பிடும்போது கூடக் கட்டை விரல் ஆடுது.

— சரி, படம் எங்க? படம் எடுத்துப் போட்டிருந்தா நான் ஏன் அழிக்கப் போறேன்?

— எடுக்காமலா? பட்டனைத் தொட்டதும் எழுந்து போயிடுறாரு. படத்துல முதுகுதான் விழுது. அப்புறம் டீவியை என் போன்ல படம் பிடிச்சுப் போட்டேன்.

— போன் படம் செல்லாது. கேம் மெஷின்லயே எடுத்த படம்தான் செல்லும். விதி.

— அந்த விதியைப் போட்டது யாரு?

— நான். எவனோ ஒருத்தன் கலங்கலா ஒரு படத்தைப் போட்டு... இரு. அது நீயா?

— ‘இது கிழவரா, உருளைக்கிழங்கு மூட்டையா’ன்னு கீழ எழுதியிருந்த. அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் சமையலறையில போய் நின்னுக்கிட்டேன்.

— உன் பேரைப் போட்டிருந்தா நான் அப்படிச் சொல்லியிருப்பேனா?

— அதுக்காகத்தான் போடல. அக்கா சொன்னான்னு நீ நம்பக்கூடாது பாரு.

— எனக்கு இன்னும் நம்பிக்கை இல்ல.

— டீவியைப் போடு. உன் ஆளைப் படியில நிறுத்து. கன்ட்ரோலரைக் கீழ வை.

— வச்சிட்டா கை என்ன பண்ணும்?

— அந்தக் கூடையில துணி கிடக்கு, மடி. வணக்கம், புகார்ப் பிரிவு, சொல்லுங்கம்மா. இல்லம்மா, இது நிஜமாவே ஆள்தான், மெஷின் இல்ல.

— அக்கா, ஒண்ணும் நடக்கல.

— மடிச்சு முடி முதல்ல. உங்களைச் சொல்லலம்மா. ஐஸ் எந்தத் தட்டுல உறையுது?

— அக்கா, எத்தனை போர்வை வச்சிருக்கீங்க இந்த வீட்டுல?

— ஓரம் சரியா வரணும், அவசர அவசரமா சுருட்டாத. சொல்லுங்கம்மா, கேட்டுட்டுதான் இருக்கேன்.

— அக்கா.

— ஒரு நிமிஷம் லைன்ல இருங்கம்மா. என்னடா?

— மேல கதவு திறக்குது.

— தொடாத.

— தொடல. இறங்கி வர்றாருக்கா. உட்கார்றாரு. எழுத்து வருது.

— படி. எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது.

— ‘கப்பல்காரர்களுக்கு நட்சத்திரங்கள் இருக்கின்றன. மலைக்குப் போன என் தம்பிக்கு இந்த விளக்கு மட்டும்தான்.’

— அன்னைக்கும் இதேதான் சொன்னாரு. ஒரு வார்த்தை மாறல.

— மலை மேல ஆளில்லாத குடிசை ஒண்ணு இருக்குக்கா. உள்ள ஒரே ஒரு கட்டில். அதுக்கு ‘வெறும் அலங்காரம்’னு எழுதி வச்சிருக்கோம்.

— யாரு எழுதினது?

— கேக்காத.

— டேய், அந்தக் கையை எங்க கொண்டு போற?

— ஒரே ஒரு படம். பார்த்துக்க, சட்டுனு அமுக்கிடுறேன்.

— சொன்னா கேளு.

— எடுத்துட்டேன்.

— காட்டு. என்ன விழுந்திருக்கு?

— முதுகு.

— போயிட்டாரா?

— கதவையும் சாத்திக்கிட்டாரு.

— விடு. உன் போன் அடிக்குது பாரு.

— ஆந்தை.

— என் பேரைச் சொல்லிடுடா. எழுதினது எங்க அக்கா, கேமைப் பத்தி ஒண்ணும் தெரியாது, கண்டிச்சாச்சுன்னு சொல்லு. என் வரியை அழிச்சிடுவாங்க. உன் சாவி உன்கிட்டயே இருக்கும். எனக்கு இதுல என்ன நஷ்டம், நான் பாட்டுக்கு மீன் பிடிச்சிட்டுப் போறேன். ஹலோ, காத்திருந்ததுக்கு நன்றிம்மா. அந்தத் தட்டை வெளிய எடுத்துப் பாருங்க.

— வணக்கம் தலைவரே, ஆந்தை பேசுறேன். பதிவுக்காகச் சொல்லிடுறேன், மத்தவங்களும் கேட்டுட்டு இருக்காங்க. ஆள் கிடைச்சாச்சா?

— கிடைச்சாச்சு.

— யாரு?

— கொஞ்சம் பொறுங்க, ஆந்தை. கையில வேலையா இருக்கேன்.

— பொறுக்க நேரமில்ல தலைவரே. நாம பேசிட்டு இருக்கும்போதே அந்த ஆள் மறுபடி வந்துட்டான். விளக்குக் கிழவர் கட்டுரையில ‘பேசுவார்’னு மாத்தியாச்சு. படிக்கட்டுக் கட்டுரையும் மாறிடுச்சு. உங்க வீட்டு முகவரிதான். பக்கத்துல யாரோ பேசுற சத்தம் கேக்குதே, அவங்களா?

— அது எங்க அக்கா. ஃப்ரிட்ஜ் புகார் எடுத்துட்டு இருக்காங்க. அவங்க கையில மவுஸே இல்ல.

— அப்போ வேற யாரு? பதிவுக்காகச் சொல்றேன், மலைக் குடிசையும் போச்சு, ‘அலங்காரம்’ங்கிறதை எடுத்துட்டான். ஒண்ணு விடாம வரிசையா மாத்திட்டே போறான், ஒண்ணுக்கொண்ணு முரண்பாடே இல்லாம. ஐயோ தலைவரே, உங்க பிழைக் கட்டுரை. முழுசாத் தூக்கிட்டான்.

— தெரியும்.

— ஆதாரம் கேக்குற இடத்துல படம் இல்ல. ‘கண்ணால் பார்த்தது’ன்னு மட்டும் போட்டிருக்கு. ஆனா இந்தத் தடவை அதுக்குக் கீழ பேர் எழுதியிருக்கு. ஒரு நிமிஷம். தலைவரே, இது உங்க பேரு.

— ஆமா.

— படம் இல்லாத வரியை நான் அழிச்சுத்தான் ஆகணும். சாவியையும் வாங்கித்தான் ஆகணும்.

— வாங்கிக்கங்க ஆந்தை. வரியையும் அழிங்க, அதுதான் விதி. நீங்க அழிச்சு முடிங்க, நான் திரும்பப் போட்டுக்கிறேன்.