“இல்ல” என்ற ஒற்றைச் சொல்லால் ஒரு நூலை நிறைவு செய்தவருக்கு

பிறர் வாழ்வைப் பிழையறப் பதிப்பித்த பெருந்தகையே! எழுத்தின் நாடி பிடித்து அதன் நலமும் நோயும் உரைத்த நுண்ணறிவே! எங்களால் அன்போடும், தாங்கள் அறையில் இல்லாதபோது மட்டும் துணிவோடும் ‘கத்தரி அக்கா’ என்று அழைக்கப்பட்ட எங்கள் முதன்மைப் பதிப்பாசிரியரே! வணக்கம்!

இந்த விளிகளில் இரண்டைத் தாங்கள் இந்நேரம் அடித்திருப்பீர்கள். இன்று ஒரு நாள் பென்சில் எங்கள் கையில். பொறுத்தருள்க!

தாள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழியத் தாங்கள் அமர்ந்திருந்த அந்த மாடியறைக்குத் தம் வாழ்வைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்! தாம் பிறந்த கதையையே ஒரு பாகமாக எழுதி வந்த மருத்துவரிடம், “சார், நீங்க பொறந்தத நீங்களே பாத்திருக்க முடியாது. பள்ளிக்கூடத்துலேருந்து தொடங்கலாமா?” என்று முகம் கோணாமல் கேட்டவர் தாங்கள். வந்த வேகத்தில் கோபித்தவர்களும் போகும்போது கும்பிட்டுப் போனார்கள். திருத்தங்களை மையால் எழுதாமல் பென்சிலால் எழுதுவது ஏன் என்று கேட்டோம். “அவங்க கதை. என்னை அழிக்கிற உரிமை அவங்களுக்கு வேணும்ல?” என்றீர்கள். சொல்லை வெட்டத் தெரிந்தவர் பலர். தம்மையே வெட்டிக்கொள்ளத் தெரிந்தவர் தாங்கள் ஒருவரே!

தங்கள் சிறப்பைச் சொல்ல ஒரு நிகழ்ச்சி போதும். அதற்கு உரியவரான அம்மையார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் சொல்லக் கேட்டதை, அவர் அனுமதியோடே இங்கே சொல்கிறோம்.

அம்மையாரின் கணவர் ஓய்வு பெற்ற தீயணைப்பு அதிகாரி. அவர் எழுதிய தன்வரலாற்றில் ஆலைகள் எரிந்தன, கப்பல்கள் எரிந்தன, துணிக்கிடங்குகள் எரிந்தன. வீடு என்ற ஒன்று மட்டும் வரவே இல்லை. “ஐயா, இத்தன பக்கத்துல உங்க வீட்டம்மா ஒரு எடத்துலகூட வரலையே?” என்று கேட்டீர்கள். அவர் சிரித்தார். “கடைசி அத்தியாயம் அவளுக்குத்தாம்மா. மனசுல இருக்கு. இனிமேதான் எழுதணும்.”

அதைக் கேள்விப்பட்ட அம்மையாருக்கு அன்று வேலையே ஓடவில்லை. வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியறியாத மனிதர், தம்மைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதப்போகிறாராமே! வெளியே காட்டிக்கொள்ளாமல் காத்திருந்தார்.

அத்தியாயம் வரும் முன்னே பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. எஞ்சியது ஒரே ஒரு சொல்: “இல்ல.” வேண்டாததற்கு “இல்ல” என்பார். வேண்டியதற்குப் பேசாமல் கிடப்பார். அவ்வளவுதான்.

நூலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பதிப்பக உரிமையாளர் தங்கள் மேசைக்கே வந்தார். “அவர் நடை உங்களுக்கு அத்துப்படி. நாலு பக்கம் நீங்களே எழுதிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?” என்றார். அம்மையாரும் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படியாவது முடிச்சுக் குடுங்கம்மா. என்னைப் பத்தி என்னதான் சொல்ல நெனச்சாரோ, அது தெரியாம நான் போய்ச் சேரக்கூடாது” என்று கண்ணீர் விட்டார்.

“நான் எழுதினா நல்லாத்தான் இருக்கும்க்கா,” என்றீர்கள். “ஆனா அது உங்களப் பத்தி நான் எழுதினது. நீங்க கேக்கறது அது இல்லையே.”

நூல் நின்றாலும் நிற்கட்டும் என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனீர்கள். பேச முடியாத மனிதரிடம் இந்த அம்மா எதைக் கேட்டு எதை எழுதப்போகிறார் என்று அம்மையாருக்கு மலைப்பு. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “வீட்டைப் பத்தி உங்களுக்கு நெனவிருக்கறதச் சொல்லுங்கக்கா. ஒவ்வொண்ணா எழுதி அவருக்குப் படிச்சுக் காட்டறேன். ஒத்துக்கிட்டாத்தான் நிக்கும்” என்றீர்கள்.

“எனக்கு அவதான் எல்லாமேன்னு போடுங்க,” என்றார் அம்மையார், வெட்கத்தோடு. படித்தீர்கள். “இல்ல” என்றார் கட்டிலில் கிடந்தவர். அம்மையாரின் முகம் வாடிவிட்டது. “உங்கள இல்லன்னு சொல்லலக்கா. இந்த வாக்கியத்தத்தான் இல்லங்கறார்,” என்றீர்கள்.

பிள்ளை பிறந்த நாள்? இல்ல. விறைப்பாகத் தேய்த்துக் கொடுத்த சீருடை? இல்ல. நாள்கள் போயின, தாள் வெறுமையாகவே இருந்தது. ஒரு பிற்பகல் அம்மையாருக்குப் பொறுமை போயிற்று. பல்லாண்டாக நெஞ்சில் கிடந்தது வெடித்து வந்தது.

“அப்ப இத எழுதுங்க! தீயணைச்சுட்டு வந்தா மனுஷன் நேரா உள்ள வரமாட்டார். மூடின கதவுக்கு முன்னாடி அப்படியே நிப்பார். அடுப்படி ஜன்னல் வழியா நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன். வீட்டுக்கு வரவே புடிக்கலைன்னு எழுதுங்க. அதத்தான எழுத இருந்தார்?”

“இல்ல!” இடக்கை கட்டில் சட்டத்தை அறைந்தது. “இல்ல! இல்ல!”

தாங்கள் பென்சிலைக் கீழே வைத்தீர்கள். “களைப்பா ஐயா?” இல்ல. “உடம்புல புகை வாடை போகட்டும்னா?” இல்ல. “எதையாவது பாத்துக்கிட்டு நிப்பீங்களா?” இல்ல. சற்று நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: “எதையாவது கேட்டுக்கிட்டா?”

அறையில் ஒரு சத்தமும் இல்லை.

அம்மையார் பக்கம் திரும்பினீர்கள். “அந்நேரம் நீங்க என்ன பண்ணிக்கிட்டிருப்பீங்கக்கா?”

“என்ன பண்ணுவேன்? பாத்திரம் உருட்டுவேன். வந்தவர் வாசல்லயே நிக்கறாரேங்கற கோவத்துல கொஞ்சம் பலமாவே உருட்டுவேன்.”

“தீப்பிடிச்சு, கூப்பிட்டா பதில் வராத வீடுகளுக்குள்ளேருந்து வந்திருப்பீங்க,” என்று அதிகாரியிடம் சொன்னீர்கள். “நம்ம வீட்டுல சத்தம் கேக்குதான்னு நின்னு கேட்டுட்டு, அப்புறமாத்தான் கதவத் தொறப்பீங்களா?”

அவர் “இல்ல” என்று சொல்லவில்லை. கண்கள் மட்டும் நிறைந்து வழிந்தன. அம்மையார் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் எல்லாம் வெறுப்பு என்று எண்ணி விழுங்கியது, அன்பு என்று ஒரு நொடியில் தெரிந்தால் யாரால்தான் நின்றுகொண்டிருக்க முடியும்!

பிறகு தாங்கள் எழுதினீர்கள்; அவர் வெட்டினார். ‘ஆனந்தத்தோடு கதவைத் திறப்பேன்’ என்றீர்கள். இல்ல. ‘ஆனந்தத்தோடு’ போயிற்று. ‘கதவைத் திறப்பேன்’ நின்றது. இப்படிச் சொல் சொல்லாக அவருடைய மௌனத்தைக் கடந்து வந்தது அந்தக் கடைசி அத்தியாயம். மொத்தமே அரைப் பக்கம். ஒரு சொல்கூடத் தங்களுடையது அன்று! அதை மெய்ப்புப் பார்த்த எங்களில் ஒருவர், படித்து முடித்ததும் தம்மை அறியாமல் எழுந்து நின்றார். பதிப்பக உரிமையாளர் இரண்டு முறை படித்தார். பிறகு, “இதுக்கு முன்னாடி ஒரு வெத்துப் பக்கம் விடுங்க” என்றார். ஒரு தாளையும் வீணாக்க மனம் வராத அவரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததைக் கண்டவர் நாங்கள்!

தங்கள் பணிநிறைவைப் போற்றும் இவ்விழாவுக்கு அழைக்கப் போனபோது, ஐயா எப்படி இருக்கிறார் என்று அம்மையாரைக் கேட்டோம். “அப்படியேதான் இருக்கார்,” என்றார். “நான் அடுப்படிக்குப் போனா நல்லாச் சத்தமாத்தான் உருட்டறேன். அவர் அந்தாண்ட படுத்துக் கேட்டுக்கிட்டிருப்பார்.”

அருந்தமிழ் காத்த அன்னையே! ஒரு மனிதரின் சொல்லுக்குப் பதிலாகத் தம் சொல்லை வைக்க மறுத்த தங்கள் அறத்தின் முன் வியந்து நிற்கிறோம். கூர்த்த கண்கள் குன்றாது ஒளிர, குனிந்தே இருந்த கழுத்து இனி நிமிர்ந்து வானம் பார்க்க, பேரப்பிள்ளைகள் பிழையோடு பேசுவதைத் திருத்தாமல் கேட்டு மகிழ்ந்து, நோயின்றி, நிறைவோடு, நெடுங்காலம் வாழ்வீர்களாக!

என்றென்றும் தங்கள் அன்புக்கு உரிய
பதிப்பாசிரியர்கள், மெய்ப்புத் திருத்துநர்கள், பக்க வடிவமைப்பாளர்கள்
மற்றும் அச்சுக்கூடத் தோழர்கள்