ஹுஸைன் நானா கேட்ட யோசனை

— நாலு வருசமா? படம் வரையறதுக்கா? நாலு வருசத்துல ஒருத்தன் பாதி டாக்டராயிடலாமுங்க நானா!

— நாலு வருசம்தான் அழகர். முடிச்சா பட்டம் குடுக்கிறாங்களாம். அந்த மெட்ராஸ் சித்திரப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் அப்புடித்தான் செல்றார்.

— பெரஹரா ஊர்வலம் பாக்கத்தானே அவரு கண்டிக்கு வந்தாரு? யானையைப் பாத்தமா, ரயில் ஏறுனமான்னு போக வேண்டியதுதானே. உங்க கடையில தொங்குற படத்தை எதுக்குப் பாக்கணும்?

— நம்மட தொழிலே படத்துக்குச் சட்டம் போடுறது. வாசல்ல தொங்குறத கண் ஈக்கிற ஆக்கள் பார்ப்பாங்கதானே. நீங்க பார்க்கல்லயா?

— எனக்கு எங்க நேரம்? அரிசி நிறுக்கவும் பருப்பு நிறுக்கவுமே பொழுது சரியாப் போகுது.

— பக்கத்துக் கடைதானே. ஒரு கிழமையா, ஏழு நாளும், எங்கட வாசலால நீங்க போறல்ல. ரோட்டைக் கடந்து அங்கால போறீங்க.

— அந்தப் பக்கம்தான் நிழலு.

— நேத்து மழ அழகர்.

— இப்ப எதுக்கு வந்தீங்க நானா? நான் சந்தோஷம் சொல்லணுமா? அதான் ஊரே சொல்லிக்கிட்டிருக்கே. முடி வெட்டப் போனா அங்க இந்தப் பேச்சு. பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனா அங்கயும். “ஹுஸைன் நானா வீட்டுப் புள்ள மெட்ராசுக்குப் படிக்கப் போவுதாம்!” வீட்டுக்கு வந்தா எங்க இரத்தினம்மாவும் சோத்தைப் போட்டுட்டு இதையேதான் சொல்றா. பாதிச் சோத்துல கையைக் கழுவிட்டேன்.

— நான் சந்தோஷம் கேட்டு வரல்ல. யோசனை கேட்டு வந்தன். பின்னேரம் மாஸ்டருக்கு ஒரு பதில் செல்லணும். நீங்க கணக்குல கெட்டி. செலவையும் பாருங்க, படிச்சிட்டு வந்தா வாற வரும்படியையும் பாருங்க. ஒங்கட சொந்தப் புள்ளயா ஈந்தா என்ன செய்வீங்க? அதச் செல்லுங்க போதும்.

— என் புள்ளயா இருந்தாவா?

— ஓ. அப்புடி நெனச்சிக்கிட்டு செல்லுங்க.

— சரி, சொல்றேன். பொறகு மனசுல வச்சுக்கக் கூடாது. சாப்பாடு, தங்குற எடம், பள்ளிக்கூடத்துக் காசு எல்லாத்துக்கும் மாசம் முப்பது ரூபாயாவது வேணும்.

— பள்ளிக்கூடக் காசு வேணாமாம். மாஸ்டர் பேசி எடுத்துத் தாறாராம். அவருக்கு அவ்வளவு புடிச்சுப் போச்சு.

— அவ்வளவு புடிச்சுப் போச்சா!

— படத்துக்கு முன்னால கால் மணித்தியாலம் நின்டார் அழகர். நான் கதிரை எடுத்துப் போட்டன். குந்தச் செல்லியும் குந்தல்ல.

— நிக்கட்டும், நிக்கட்டும். நின்னதுக்கு யாரு காசு கொடுக்கிறது? சாப்பாட்டுக்கு நீங்கதானே கொடுக்கணும்? சாயம், தூரிகை எல்லாம் சீமையில இருந்து வரணும். வருசத்துக்கு ஒருக்கா ரயிலு, கப்பலு. அந்தக் காசுக்குக் குண்டசாலையில கொக்கோ காணி வாங்கிப் போடலாம் நானா. காணி காய்க்கும். படம் காய்க்குமா?

— அப்பா, தேத்தண்ணி. மாமா, உங்களுக்குச் சீனி போடாம கருப்பட்டி வச்சிருக்கேன்.

— வச்சுட்டு உள்ள போ சுந்தரி. பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்.

— நிக்கட்டுமே அழகர். அவவும் கேக்கட்டும்.

— அவளுக்கு இதுல என்ன இருக்கு? சரி, மூலையில நில்லு. கேளுங்க நானா. பட்டம் வாங்கிட்டு வந்தாச்சுன்னே வச்சுக்குவோம். வந்து என்ன செய்யறது?

— பள்ளிக்கூடத்துல சித்திரம் படிப்பிக்கலாம். அம்பது ரூபா சம்பளமாம்.

— வேலை காலி இருந்தாத்தானே அம்பது! தேயிலை விலை விழுந்ததுல இருந்து இருக்கிற வாத்தியாருக்கே சம்பளத்துல வெட்டு. அதுல சித்திர வாத்தியாரைத்தான் முதல்ல வெட்டுவாங்க. அப்புறம்? நாவலப்பிட்டிக் கடைக்காரனுக்கு ஏணி மேல நின்னு பேர்ப்பலகை எழுதணும். நாடகக் கொட்டகையில திரைச்சீலைக்கு மலையும் ஆறும் தீட்டணும். அந்தக் காசையும் நாடகக்காரன் தர மாட்டான். சோத்துக்கு அலையற பொழப்புங்க.

— மாஸ்டர் நல்லாத்தானே ஈக்கிறார்? கோட்டெல்லாம் போட்டு.

— ஆயிரத்துல ஒருத்தன் கோட்டுப் போடுவான். அந்த ஒருத்தன் உங்க மகன் ஹபீல்தானா? எல்லாமே உங்களுக்குத்தான் வந்து விழணுமா?

— என்ன அழகர் இது?

— பின்ன என்ன? ஒரே மாசத்துல கடை தொறந்தோம் நாம ரெண்டு பேரும். உங்க கடைக்குக் கண்ணாடி அலுமாரி வந்துச்சு, எங் கடைக்கு எலி வந்துச்சு. உங்க வாசல்ல துரைமாரு காரு நிக்குது, என் வாசல்ல கடன் கேக்கிறவன் நிக்கிறான். சரி, அது வியாபாரம், போகட்டும்னு இருந்தேன். புள்ளைங்க விசயத்துலயுமா? எங்க செல்லச்சாமி ரெண்டு தரம் பரீட்சை எழுதி ரெண்டு தரமும் கோட்டை விட்டுட்டான். உங்க மகன் ஒரு தாளுல கோடு இழுத்தான், மெட்ராசுல இருந்து ஆளு வந்து வாசல்ல நிக்கிறான்! ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது நானா. உங்க மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்.

— அப்ப, ஒங்கட புள்ளயா ஈந்தா...

— என் புள்ளயா இருந்தா தூரிகையைப் புடுங்கி அடுப்புல வச்சிருப்பேன். மெட்ராசாவது, பட்டமாவது! வேணாம். இதுதான் என் யோசனை.

— நல்லா யோசிச்சுத்தான் செல்றீங்களா?

— நீங்க கேட்டீங்க, நான் சொல்லிட்டேன். மாத்திச் சொல்ற ஆளு அழகர் இல்ல.

— சரி. சுந்தரி மகள், கேட்டீங்கதானே? ஒங்கட வாப்பா வேணாம் என்டு செல்றார். மாஸ்டருக்கு நான் செல்லிர்ரன்.

— அவகிட்ட எதுக்குச் சொல்றீங்க?

— படம் அவடது அழகர். எங்கட ஹபீல் சட்டம் மட்டும்தான் போட்டான்.

— யாரோடது? சுந்தரி, இவரு என்ன சொல்றாரு?

— நெசந்தான்ப்பா. நான் வரைஞ்சதுதான். அம்மாவுக்குத் தெரியாம ஹபீல் தம்பிகிட்டச் சட்டம் போடக் கொடுத்தேன். அவன் அதை வாசல்ல மாட்டிட்டான். மாஸ்டர் வந்து கேட்டதும் எனக்குப் பயமாப் போச்சு. மாமாதான், “முதல்ல ஒங்கட வாப்பாட மனச அறிஞ்சிட்டு வாறன்”னாரு.

— ஊரெல்லாம் உங்க மகன், உங்க மகன்னு பேசுச்சே நானா! ஒரு வார்த்தை சொன்னீங்களா?

— செல்லல்ல. வாற ஆக்கள் எல்லாம் கையப் புடிச்சு, “நல்ல புள்ள பெத்தீங்க” என்டு செல்லுறாங்க. இல்ல என்டு செல்ல வாய் வரல்ல. எங்கட ஹபீலும் வரையிறான். மாஸ்டர்ட காட்டினன். புரட்டிப் பார்த்துட்டு வச்சிட்டார். திரும்பவும் ஒங்கட மகள்ட படத்துக்கு முன்னாலதான் போய் நின்டார். எனக்கு வயிறு எரிஞ்சிச்சு அழகர். அல்லாஹ் மன்னிக்கணும்.

— எரிஞ்சுச்சா? உங்களுக்கா? எங்க வீட்டுப் புள்ளயைப் பாத்தா?

— ஓ. நல்லாவே எரிஞ்சிச்சு.

— அப்ப போகட்டும் நானா! போகட்டும்! இரத்தினம்மா, இங்க வா! நானா, மாஸ்டர்கிட்டச் சொல்லுங்க, அழகர் மக வருவாள்னு. மயிலாப்பூருல எங்க அக்கா வீடு இருக்கு, அங்க தங்கிக்குவா. நானே கொண்டு போய் விட்டுட்டு வர்றேன்.

— செலவு?

— செலவு கெடக்குது! கடையை அடகு வச்சாவது அனுப்புவேன். சாயமா? சீமைச் சாயம்தான்! அம்பது ரூபா சம்பளமா? ஒரு பொம்பளப் புள்ளைக்கு அம்பது ரூபா கொறச்சலா? எந்த வீட்டுல வருது சொல்லுங்க! நாளைக்கே முடி வெட்டுற கடைக்குப் போறேன். ஹுஸைன் நானா வீட்டுப் புள்ள இல்லடா, அழகர் வீட்டுப் புள்ளன்னு எல்லாரும் கேக்கச் சொல்றேன். வெட்ட முடி இல்லாட்டியும் போய் ஒக்காருவேன்!

— அப்பா.

— சொல்லு தங்கம். என்ன வேணும் ஒனக்கு? சொல்லு!

— என்ன படம் வரைஞ்சேன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லியேப்பா.