கடுக்காயனுக்குப் பெயரும் குரலும் தந்தவருக்கு

கைப்பேசி விளையாட்டுகளை உருவாக்கும் ஆம்பூர் பாலாறு விளையாட்டுக் கூடத்தில் கதைப்பிரிவுத் தலைவராகப் பதினாறு ஆண்டுகள் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் ஜஹீருன்னிசா அவர்களுக்கு உடன் உழைத்தோர் உவந்து படிக்கும் மடல்

வில்லனுக்கும் விலாசம் தந்த வித்தகரே! கைப்பேசித் திரைக்குள் கயவரைப் படைத்து, அவர்கள் வரவுக்காகக் குழந்தைகளைக் காத்திருக்க வைத்த கற்பனைக் களஞ்சியமே! எங்கள் அனைவருக்கும் அக்காவாகிய ஆபாவே! வணக்கம்.

காலணி நிறுவனத்தில் கணினியில் வடிவம் வரைந்துகொண்டிருந்த தாங்கள், "செருப்பு வரைஞ்சு வரைஞ்சு பேஜாராப் போச்சு. திருடனை வரையறேனே!" என்று சொல்லித்தான் எங்கள் கூடத்துக்கு வந்தீர்கள். வந்த வருடமே வரைந்தும் தந்தீர்கள். ஊரின் ஆற்றைத் தோல் போலச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுபவன், மிதிவண்டியில் துரத்தும் சிறுமியிடம் எந்த ஆட்டத்திலும் அகப்படாதவன், அழகான அயோக்கியன்! ஆனால் அவனுக்குப் பெயர் வைத்தவர் தாங்கள் அல்லர். விளையாட்டை வெளியிட முன்வந்த வெளியூர் நிறுவனம், கேட்டதும் சிரிப்பு வரவேண்டும் என்று 'சின்னசாமி' எனச் சூட்டியது.

நம் கூடத்து மின்பணியாளர் பெயரும் சின்னசாமி. தற்செயல்தான். ஆனால் சோதனைப் பதிப்பு ஊர்ப் பிள்ளைகளின் கைக்குப் போனதும், அவர் மகள் முத்துமாரியை வகுப்பில் "ஆத்துத் திருடன் பொண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கே போக மாட்டேன் என்று அவள் படுத்துக்கொண்டாள். தேநீர் வேளையில் அதைத் தங்களிடம் சொன்ன சின்னசாமி, "வுடுங்க ஆபா, கேம்தானே. கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க" என்று தாமே சமாதானமும் சொன்னார்.

"அவங்க மறந்துடுவாங்கண்ணா. அவ மறப்பாளா?" என்று கேட்டீர்கள்.

வெளியீடு நெருங்கிவிட்டது. குரல்பதிவும் முடிந்திருந்தது. இனிப் பெயரை மாற்றினால் ஒப்பந்தமே இல்லை என்றது நிறுவனம். கூடத்தை மூடவேண்டி வருமோ என்று நாங்கள் கலங்கி நின்றபோது, தாங்கள் தொலைபேசியில் குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்: "அந்தப் பேரோடதான் போவணும்னா என் கதை போவாது. வேற பேரு தர்றேன். புடிச்சா எடுத்துக்கோங்க."

வீடு திரும்பும் வழியில், தோல் பதனிடும் ஆலை ஒன்றின் வாசலில் கடுக்காய் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தனவாம். மறுநாள் உள்ளே நுழையும்போதே அறிவித்தீர்கள்: "துரத்துறவங்களுக்கெல்லாம் கடுக்காய் குடுக்கிறவன். கடுக்காயன்! இந்தப் பேர்ல எந்தப் புள்ளைக்கும் அப்பா இல்ல."

நிறுவனத்தார் சிரித்தார்கள், சம்மதித்தார்கள். ஆனால் முன்பு அவனுக்குக் குரல் கொடுத்த நடிகரால் மறுபடி வர இயலவில்லை. கடும் சளியோடு தாங்களே ஒலிவாங்கி முன் நின்று, "இன்னாப்பா, புடிச்சிட்டியா?" என்று கரகரத்தீர்கள். அந்தக் கரகரப்பே கடுக்காயன் ஆயிற்று! ஆறு பாகங்கள் ஆகியும், அது ஆம்பூர்ப் பெண்மணி ஒருவரின் குரல் என்று ஆடும் பிள்ளைகள் அறியார். அடுத்தடுத்த பாகங்களுக்கு ஐஸ் தண்ணீரை வலியக் குடித்துத் தாங்கள் சளி வரவழைத்ததை நாங்கள் அறிவோம்.

முத்துமாரி பள்ளிக்குத் திரும்பினாள். கடுக்காயனைப் போலப் பேசிக்காட்டுவதில் வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லாமல் போயிற்று. அதைச் சொல்லும்போதுதான் சின்னசாமி தங்கள் முன் முதன்முறையாக அழுதார்.

அன்று முதல் எந்த வில்லனுக்குப் பெயர் வைத்தாலும், காவலர் தொடங்கிக் கணக்காளர் வரை நிறுத்தி, "உங்க வீட்ல யாருக்காச்சும் இந்தப் பேரு இருக்கா?" என்று கேட்டீர்கள். எங்கள் அருமையான பெயர்கள் எத்தனையோ அதில் அடிபட்டுப் போயின. உள்ளூரக் கோபப்பட்டோம், பிறகு எங்கள் குழந்தைகளை நினைத்து நன்றியும் சொல்லிக்கொண்டோம்.

சென்ற மாதம், தங்களோடு கடுக்காயன் கதையையும் முடித்துவிடலாம், அதுவே மரியாதை என்றோம். "ரிடையர் ஆவுறது நான். அவனுக்கு இன்னா வயசாச்சு?" என்று அதட்டி, அவனைக் கதைப்பிரிவில் தங்களோடு எழுதும் முபஷ்ஷிராவின் கையில் ஒப்படைத்தீர்கள். இனி அவர்தான் அவனை எழுதுவார். நேற்று மேசையைக் காலி செய்துவிட்டு வாசல்வரை போன தாங்கள் நின்று, முபஷ்ஷிராவிடம் ஒன்று கேட்டீர்கள்: "அடுத்து இன்னா பண்ணுவான்னு என்கிட்ட முன்னாடியே சொல்லிடாதம்மா. நானும் வெளையாடியே தெரிஞ்சிக்கிறேன்."

சொல்ல மாட்டோம், ஆபா. வரப்போகும் அத்தனை பாகங்களையும் ஆடித் தீர்க்கும் அளவுக்கு ஆயுளும், ஆரோக்கியமும், ஆனந்தமும் தங்களுக்கு அமைக!

என்றும் தங்கள் அன்பில்,
பாலாறு விளையாட்டுக் கூடப் பணியாளர்கள்,
ஆம்பூர்.