நத்தை தின்ற மொட்டு

— அப்ப என் செடியிலதான் குத்தம்னு சொல்றீங்களா, மத்தியாஸ் பாய்?

— நான் எங்க ருக்கு அப்படிச் சொன்னேன்? மண்ணு சரியில்லன்னு சொல்லுதேன். உப்புக் காத்து, ஓயாத மழை. அதத்தான் சொல்லுதேன்.

— க்யா மண்ணு? உங்க வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு மூங்கில் வேலி. அந்தப் பக்கம் பூக்குது, இந்தப் பக்கம் பூக்காதா? இந்தத் தீவுல, நம்ம டாலிகஞ்ச் பூரா இந்த ஆரஞ்சு லில்லி நான் கொடுத்ததுதான். ஒருத்தி வேண்டாம்னு சாக்கடை ஓரம் வீசிட்டுப் போனா, அங்கயே பூத்துச்சு.

— அக்கா, காப்பி ஆறுது. முதல்ல குடிங்க.

— காப்பி இருக்கட்டும், அமுதம். முதல் வருஷம் வேர் பிடிக்கலன்னு சொன்னே. அடுத்த வருஷம் நிழல்னு சொன்னே. வெயில்ல மாத்தி வச்சுக் கொடுத்தேன். எரு நான்தான் சுமந்துட்டு வந்தேன். இந்த வருஷம் என்ன?

— நத்தைக்கா.

— நத்தையா.

— ஆமா ருக்கு, நத்தைதான். யுத்த காலத்துல ஜப்பான்காரன் இந்தத் தீவுல விட்டுட்டுப் போனானே, அந்த ஜாதி. ஒவ்வொண்ணும் என் கைமுட்டி பெருசு. காலையில எந்திச்சுப் பாத்தா மொட்டு இருக்காது.

— அப்ப என் வீட்டு நத்தை மட்டும் விரதம் இருக்குதா, பாய்?

— நீங்க குடுத்த அந்தச் சிவப்பு லில்லியும்தான் பூக்கல, அக்கா. அதையும் பாக்கணும்லா.

— சிவப்பு வேற, அமுதம். அது கொடைக்கானல்லேர்ந்து வந்தது, அதுக்குக் குளிர் வேணும். குட்வில் எஸ்டேட்ல ஒரு ஆபீசர் தொட்டி தொட்டியா வச்சிருக்காரு, எல்லாம் வெறும் இலை. சௌல்தாரியில என் தம்பி வச்சான், மழையில அழுகியே போச்சு. சிவப்பை நான் மன்னிச்சுட்டேன். மஞ்சள் கொஞ்சம் நக்ரா, பிகு பண்ணும், நாள் பூரா வெயில் கேக்கும், ஆனா பூத்துடும். இந்த ஆரஞ்சுக்குப் பூக்காம இருக்கவே தெரியாது. காலையில விரியும், சாயங்காலம் சுருங்கும், மறுநாள் அடுத்த மொட்டு விரியும். அவ்வளவுதான், வேற வேலையே கிடையாது அதுக்கு. அதைக்கூடப் பூக்க விடாம ஒரு வீடு இருக்கே.

— விடு ருக்கு. பூக்காட்டா போகுது.

— எப்படி விட? கடைத்தெருவுல கேக்குறாங்க, ருக்கு கொடுத்தது சொத்தைச் செடியான்னு. இங்க வாங்க, கிணத்தடிக்கு. ரெண்டு பேரும் குனிஞ்சு பாருங்க. நத்தை தின்னா தண்டுல வெள்ளையாக் கோடு ஓடும், ஓரம் பிஞ்சு தொங்கும். இதுல கோடு எங்க? சுத்தமா நகத்தால கிள்ளியிருக்கு.

— அப்படியா தெரியுது?

— அப்படித்தான் தெரியுது, பாய். இது மனுஷக் கை. யாருன்னும் மாலூம் ஆயிடுச்சு. தாஸ் வீட்டுப் பொண்ணு. விடிஞ்சும் விடியாம பூஜைக்குக் கூடையைத் தூக்கிக்கிட்டு வேலி வேலியா மேயுறாளே. பூ கிடைக்கலன்னா மொட்டையும் உருவிட்டுப் போறா. இருங்க, அவ அம்மாவை நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்.

— சின்னப் புள்ள. சாமிக்குத்தான எடுக்கு. போகட்டும் ருக்கு.

— சாமி மொட்டா கேட்டுச்சு? தள்ளுங்க பாய், வாசல்ல மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க. அந்தப் பொண்ணுக்கு இன்னைக்கு முதுகு பழுக்கப் போகுது.

— அக்கா, நில்லுங்க. அந்தப் புள்ள எடுக்கல. நாந்தான்.

— என்ன நாந்தான்?

— நாந்தான் கிள்ளுனேன். மூணு வருஷமும்.

— அரே, பைத்தியமா உனக்கு? எரு சுமந்து என் இடுப்பு போச்சு. நீ உட்கார்ந்து கிள்ளிக்கிட்டு இருந்தியா?

— உங்களுக்குத் தெரியாதுக்கா. நீங்க செடி குடுத்த அன்னைக்கு இங்க இருக்கதா, ஊருக்குப் போறதான்னு எங்களுக்குள்ள பெரிய பேச்சு. மூணு மழைக்குள்ள இது பூத்துதுன்னா இந்த மண்ணு நம்மள ஏத்துக்கிட்டுதுன்னு அர்த்தம், சர்க்கார் குடுக்குற நிலத்த வாங்கிட்டு இங்கயே இருந்துருவோம், பூக்கலன்னா மணப்பாட்டுக்கே திரும்பிருவோம்னு மாதா படத்துக்கு முன்னால இவிய சொல்லிட்டாவ.

— சொன்னேன். இல்லன்னு சொல்லல.

— இங்கயே இருந்துட்டா நான் அன்னம்மாள எப்பக்கா பாப்பேன்?

— உன் பொண்ணையா? அவளை இங்க கூட்டிட்டு வந்துடேன். மெயின்லேண்ட்ல அத்தை வீட்டுல எதுக்கு விட்டு வச்சிருக்கே?

— கூட்டிட்டு வந்தோம், நீங்க இங்க குடிவர முந்தி. மழை பிடிச்சதும் இளைப்பு வந்து, மூச்சு விட முடியாம உதடெல்லாம் நீலமாப் போச்சு புள்ளைக்கு. இந்த ஊரு ஆகாது, கப்பல் ஏத்திருங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு. போன தடவை நான் போயிருந்தப்ப அத்தைய அம்மான்னு கூப்பிடுதா. என்னைய யாரோ மாதிரிப் பாக்கா. வயிறு எரியுதுக்கா எனக்கு.

— இதைப் புருஷன்கிட்ட சொல்ல உனக்கு வாய் இல்லையா?

— எப்படிச் சொல்ல? அண்ணன் தம்பி சண்டையில படகையே விட்டுக்குடுத்துட்டு, இனி அந்தக் கரையில கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தவிய. இங்க படகு கட்டுற யார்டுல மிஸ்திரி மிஸ்திரின்னு எம்புட்டு மரியாதை. வாங்க போவோம்னு என் வாயால சொல்லி, அந்த அண்ணன் தம்பி முன்னால இவிய தலைகுனிஞ்சு நிக்கிறத நான் பாக்கவா? அதான் எனக்கு இந்த ஊரு பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்குன்னு நாளும் சொல்லிக்கிட்டே இருந்தேன். செடி பூக்கலன்னா, மண்ணு விரட்டிட்டுதுன்னு மரியாதையாப் போயிரலாம்லா.

— ஹே பகவான். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் செடிதான் கிடைச்சுதா? சரி, கிணத்தடி யார் கண்ணுக்கும் படாது, கிள்ளிட்டே. ரோட்டைப் பார்த்து நிக்குதே இந்த வாசல் வரிசை, இதை எப்படி ஊர் பார்க்காம கிள்ளினே?

— வாசல் வரிசையா? அதுல நான் கையே வைக்கலியேக்கா. அத நெசமாவே நத்தை தின்னுட்டுதுன்னு நினைச்சேன்.

— எந்த நத்தை? இந்தத் தண்டும் நகத்தாலதான் கிள்ளியிருக்கு. பாய், பேசிக்கிட்டு இருக்கும்போதே செருப்பை மாட்டிக்கிட்டு எங்க கிளம்புறீங்க?

— அடுத்த கப்பல் என்னைக்குன்னு கேட்டுட்டு வாரேன். வாசல் மொட்டு பூராவும் விடியுமுன்ன இருட்டுல நான் கிள்ளுனது, அமுதம். உனக்கு நெசமாவே இந்த ஊரு பிடிச்சிருக்குன்னு நினைச்சுட்டேன்.