தண்ணி முறையும் தப்பான சீட்டும்

— ஏழு ஏழு ஏழா? யோகப்பிரியா, நெசமாவே எல்லா ஃபைலுக்கும் ஏழு ஏழு ஏழு போட்டுட்டியா?

— போட்டுப்போட்டனுங்க்கா. யாரு வேணாலும் படிக்கலாம், எழுதலாம்னு வாசலை அகலமாத் தொறந்து உட்டாச்சு. அப்பவும் சைட்டைத் தொறந்தா ‘அனுமதி இல்லை’ன்னுதான் வருது. பெர்சியக்கா, பாலிடெக்னிக் ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்த பாவத்துக்கு என்னை இப்பக் காப்பாத்துங்க.

— சாரமில்ல, பரவாயில்ல. அழாத பிள்ள. நான் சூரியநெல்லித் தேயிலை எஸ்டேட்டுல, ஆளுகளுக்கு வேலை பிரிக்கற பெரட்டுக்களத்து ஓரமா நிக்கேன். இங்கதான் சிக்னல் கெடைக்கும். கொழுந்துக்குப் போற பொம்பளையாளுக எல்லாம் என்னையவே பாத்துட்டுப் போறாக. மொதல்ல இருந்து சொல்லு. என்ன ஃபைலு அது?

— தண்ணி முறை லிஸ்ட்டுங்க்கா. இங்க பெருமாட்டிப் பக்கம் விவசாயிக சங்கத்துல கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து மூணு வாரந்தான் ஆச்சு. இன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி உடறாங்க. எந்த மடை எப்பத் தொறக்கோணும்னு சங்கத்து சைட்டைப் பாத்துத்தான் வாய்க்காலைப் பாத்துக்கற லஸ்கர் தொறப்பாரு. பத்து மணிக்கு லிஸ்ட்டு தெரியலீன்னா, தலை மடையில இருந்து வரிசையாத் தொறந்துருவாங்க.

— அப்படித் தொறந்தா என்ன?

— கடை மடைக்குத் தண்ணி போய்ச் சேராதுங்க்கா. போன முறையே அவங்க நாத்துப் பாதி காஞ்சு போச்சு. இந்தத் தடவை மொதல்ல அவங்களுக்குத்தான்னு லிஸ்ட்டே மாத்தி இருக்குது.

— மணி ஒன்பதே கால்தான ஆகுது. அந்த லிஸ்ட்ட வாட்ஸ்அப்புல தட்டி விட்டா என்ன?

— போன வருசம் வாட்ஸ்அப்புல ரெண்டு லிஸ்ட்டு ஓடி, வாய்க்கா மேட்டுல மம்பட்டியத் தூக்கிட்டாங்களாமா. சைட்ல இருக்கறதுதான் லிஸ்ட்டு, மத்ததெல்லாம் வெறும் பேச்சுன்னு தீர்மானம் போட்டு வெச்சிருக்காங்க.

— சரி, ஃபைல எங்க செஞ்ச?

— என்ர ஹோம் ஃபோல்டர்ல செஞ்சு வெச்சிருந்தனுங்க. காலையில அப்படியே தூக்கி சைட்டு ஃபோல்டர்ல போட்டேன். பழைய பக்கத்தையும் சேத்துத்தான்.

— தூக்கிப் போட்டியா, காப்பி எடுத்துப் போட்டியா?

— தூக்கித்தானுங்க. எம் வி.

— ஆங், மாட்டிக்கிட்டே! ‘எல் எஸ் மைனஸ் பெரிய இசட்’ அடி. ஃபைல் பேரு பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு வாசி.

— யூசர் ஹோம் டி.

— அதான். ஒவ்வொரு ஃபைலு நெத்தியிலயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஒன் ஃபைலு சீட்டுல ‘இது வீட்டுச் சாமான்’னு இருக்கு. ஊருக்குக் காட்டுற வெப்சர்வர் வீட்டுச் சாமான் சீட்டு இருக்கறதத் தொடாது. காப்பி எடுத்திருந்தா புது எடத்துச் சீட்டு தானா வந்திருக்கும். நீ தூக்கிட்டுப் போனதுல பழைய சீட்டும் கூடவே போயிருச்சு.

— அப்ப நான் போட்ட ஏழு ஏழு ஏழு?

— அது கதவு. இது சீட்டு. ரெண்டும் வேற வேற... அங்க யாரு சத்தம் போடுறது?

— எங்க தலைவரு குப்பண்ணன்க்கா. காலையில இருந்து கூண்டுல அடைச்ச சேவலாட்ட நடந்துட்டே இருக்காரு. இன்னொரு பத்து நிமிசம் ஆச்சுன்னா என்னை ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாரு. இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். தலைவருங்களே, இவங்கதான் பெர்சியக்கா. மலையில இருந்துட்டே கொச்சி கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பாத்துக்கறவங்க.

— அம்மிணி, வணக்கமுங்க. நான் ஒண்ணு கேக்கறனுங்க. அந்தப் பொட்டிக்குள்ள என்னமோ காவல் ஒண்ணு இருக்குதாமா. அதை அணைச்சுப்போட்டா லிஸ்ட்டு டக்குனு வந்துருமாமா. என்ர மருமகன் போன்ல சொல்றானுங்க. இந்தப் புள்ள மாட்டேங்குது.

— மாட்டேன்னு சொன்னது சரிதான் தலைவரே. அந்தப் பொட்டிக்குள்ள லிஸ்ட்டு மட்டுந்தான் இருக்கா?

— எல்லாம் இருக்குதுங்க. முந்நூத்தி நாப்பது குடும்பத்து நெலவரி ரசீது, ஆதாரு, பாஸ்புக்கு, அத்தனையும் இந்தப் புள்ளதான் ஏத்தி வெச்சிருக்குது.

— வெளிய இருந்து ஒருத்தன் சைட்டு வழியா உள்ள பூந்துட்டான்னு வைங்க. ஒவ்வொண்ணு மேலயும் ஒட்டியிருக்கற சீட்டப் பாத்து, அந்தப் பாஸ்புக்கு இருக்கற அறைக்கு அவனைப் போகவிடாம நிறுத்துறது அந்தக் காவல்தான். இப்ப லிஸ்ட்டு மேல சீட்டு மாறி ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். ஒரு லிஸ்ட்டுக்காக அதை அணைக்கணுமா?

— அட, இதை அவன் சொல்லவே இல்லீங்களே! அப்ப காவலை அப்படியே உட்டுப்போட்டு சீட்டை மட்டும் மாத்த முடியுமுங்களா?

— ஒரே வரி தலைவரே. யோகப்பிரியா, அடி. சூடோ. அப்புறம் ரெஸ்டோர், அதோட ஒட்டி சி ஓ என். எடம் விட்டு மைனஸ் வி. அப்புறம் சைட்டு ஃபோல்டர் பேரு.

— அடிச்சிட்டனுங்க்கா... ஒண்ணுமே சொல்லலீங்க. சும்மா அடுத்த வரிக்கு வந்துருச்சு.

— சும்மாவா?

— சும்மாத்தான். லிஸ்ட்டும் வரலீங்க. அக்கா, மணி ஒன்பது நாப்பது. லஸ்கர் மடை மேல நின்னுட்டு மிஸ்டு கால் குடுக்கறாரு.

— நேரமாச்சுங்க அம்மிணி. அந்தக் காவலை ஒரு அஞ்சு நிமிசம் மட்டும்...

— அஞ்சு நிமிசமும் வேண்டாம் தலைவரே. கொஞ்சம் உக்காருங்க. பிள்ள, நீ அடிச்சத எழுத்து எழுத்தா வாசி.

— சூடோ, ரெஸ்டோர்கான், மைனஸ், வி...

— பெரிய ஆர் எங்க?

— நீங்க சொல்லலீங்களே!

— ஐயோ, நான்தான் விட்டுட்டேன்! பக்கத்துல ஒரு அக்கா டீ வேணுமான்னு கேட்டாக, அதுல மறந்துருச்சு. பெரிய ஆர் இல்லாட்டி அது ஃபோல்டரு நெத்திய மட்டும் பாத்துட்டுப் போயிரும், உள்ள இருக்கறத எட்டியே பாக்காது. ஃபோல்டரு சீட்டு சரியாத்தான் இருந்திருக்கு. மைனஸ் பெரிய ஆர், சின்ன வி. இப்ப அடி.

— அடிச்சேன்... அக்கா! ஓடுதுங்க்கா! ஒரு வரி, ரெண்டு வரி... ‘இதுல இருந்து இதுக்கு மாத்தியாச்சு’ன்னு பன்னெண்டு வரி! எல்லாத்துலயும் ஹோம் போயி, ஹெச்டிடிபிடி கன்டென்ட்டுன்னு வந்துருச்சு!

— சீட்டு மாறிருச்சு. இப்ப சைட்டத் தொற.

— வருது... வருது... வந்துருச்சுங்க்கா! தலைவருங்களே, பாருங்க, பாருங்க! கடை மடை பத்து மணி. நடு மடை ரெண்டு மணி. தலை மடை சாயங்காலம் ஆறு!

— எங்கெ, எங்கெ... என்ர கண்ணாடி எங்கெ... ஆமாங்! என்ர போன்லயும் வந்துருச்சு! இரு கண்ணு, லஸ்கருக்குப் போடறேன். அலோ! அலோ! லிஸ்ட்டப் பாரப்பா! கடை மடைதான்! ஆமா, கடை மடை! மொதல்ல அதைத் தொற, அப்புறம் என்னைத் திட்டு!

— பெர்சியக்கா, உங்களுக்குக் கோயில் கட்டோணும்.

— கோயில் கெடக்கட்டும். மொதல்ல அந்த ஏழு ஏழு ஏழ எடு. ஃபைலுக்கெல்லாம் ஆறு நாலு நாலு. ஊரு படிச்சாப் போதும், எழுத வேண்டாம். அத எடுக்காம நீ எந்திரிக்கக் கூடாது, கேட்டியா?

— இதோ எடுத்துட்டனுங்க்கா.

— அம்மிணி, இப்ப எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. நாங்க சந்தையில மாடு புடிச்சிட்டு வந்தா செக்போஸ்ட்ல சீட்டுக் கேப்பாங்க. மாடு நல்ல மாடாத்தான் இருக்கும். சீட்டுல ஊர் மாறி எழுதியிருந்தா நிறுத்திப்போடுவாங்க. அதுக்குன்னு செக்போஸ்ட்டையே இடிச்சுப்போடுன்னு சொன்ன கதையில்ல நான் சொன்னது?

— அதேதான் தலைவரே. இதுக்கு மேல நான் ஒங்களுக்குச் சொல்ல ஒண்ணுமில்ல.

— இந்தப் புள்ளைய நான் ரொம்பச் சத்தம் போட்டுப்போட்டனுங்க. கண்ணு, மனசுல வெச்சுக்காத. பொட்டி விசயத்துல இனி மருமகன் பேச்சைக் கேக்க மாட்டேன், உன்ர பேச்சுத்தான்.

— பரவாயில்லீங்க தலைவருங்களே. எனக்கு அழுகையே வந்துருச்சு, அவ்வளவுதான்.

— அம்மிணி, எதுக்குச் சிரிக்கறீங்க?

— இல்ல தலைவரே, லிஸ்ட்டு வரல்லன்னு நீங்க துடிச்ச துடிப்பு இந்த மலை வரைக்கும் கேட்டுச்சு. அதான் ஒண்ணு கேக்கலாம்னு. கடை மடையில ஒங்களுக்கு எத்தனை ஏக்கரு?

— கடை மடையில எனக்கு ஒரு சென்டு கூட இல்லீங்க அம்மிணி. தலை மடையில, லிஸ்ட்டு வரலீன்னா மொதல்ல தண்ணி பாயற பூமிதானுங்க என்ரது.